சரிவில் ஒரு சிறு வீடு: குன்னூர்ப் பக்கத்து ஐந்து சென்ட்டில் குளிரையும் மின்செலவையும் அடக்கிக் கட்டுவதற்கான வழிகாட்டி

மலையில் மனை வாங்கியவர்களில் பெரும்பாலோர் முதலில் செய்யும் வேலை, சமவெளியில் கட்டிய உறவினர் வீட்டின் வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பொறியாளரைப் பார்க்கப் போவதுதான். ஹால் இங்கே, சமையலறை அங்கே என்று தரைப்படம் தயாராகிவிடும். பிறகு அந்தப் படம் உட்காருவதற்காக மலையை வெட்டுவார்கள். வீட்டின் குளிர், சுவரின் ஈரம், தடுப்புச் சுவரின் செலவு, ஆயுள் முழுவதும் வரப்போகும் மின்கட்டணம் ஆகியவற்றில் பாதிக்கு மேல் அந்த ஒரு முடிவிலேயே தீர்மானமாகிவிடுகின்றன. சரிவு மனையில் முதலில் வரைய வேண்டியது வெட்டுப்படம். அதாவது வீட்டையும் மலையையும் கத்தியால் நெடுக அறுத்தால் பக்கவாட்டில் எப்படித் தெரியுமோ அந்தப் படம். தரைப்படம் அதற்குப் பிறகு வரட்டும்.

பொதுவாகப் பேசினால் எதுவும் விளங்காது என்பதால், இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே மனையை வைத்துப் பேசுகிறேன். இடம் நீலகிரியில் குன்னூர்ப் பக்கம், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம். மனை 36 அடி அகலம், 60 அடி நீளம்; 5 சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. சாலை மேலே வடக்கில் இருக்கிறது. சாலையிலிருந்து தெற்கு நோக்கி 60 அடிக்குள் நிலம் 25 அடி இறங்குகிறது, அதாவது சுமார் 22½ டிகிரிச் சரிவு. நால்வரோ ஐவரோ கொண்ட குடும்பம், அதில் முதியவர் ஒருவர். இதில் 864 சதுர அடியில் ஒரு வீடு.

வாஸ்து பார்ப்பவர்கள் தெற்கே சரியும் மனையை விரும்புவதில்லை. வடக்கோ கிழக்கோ தாழ்ந்திருக்க வேண்டும் என்பார்கள். குளிர்ப் பிரதேசத்தில் வெயில் கணக்கு அதற்கு நேர் எதிர். பிறர் தயங்கும் தெற்குச் சரிவு விலை பேசவும் வசதியாக இருக்கும், ஜனவரியில் வீட்டுக்குள் வெயிலையும் கொண்டுவரும் என்பது என் கருத்து.

மழையில் ஒரு முறை, ஜனவரிக் காலையில் ஒரு முறை

மனையை வெயில் அடிக்கும் மதிய நேரத்தில் மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கக் கூடாது. நீலகிரியின் கிழக்குப் பகுதியான குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைதான் சோதனைக் காலம். மேற்கே கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. உங்கள் மனைக்கு எது பெருமழையோ, அந்த மழை பெய்துகொண்டிருக்கும்போது குடையுடன் போய் அரை மணி நேரம் நிற்க வேண்டும். சாலையின் தண்ணீர் எந்த இடத்தில் மனைக்குள் இறங்குகிறது, மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் எங்கே வருகிறது, மழை நின்ற பிறகும் எந்த இடத்தில் ஊற்று போலக் கசிகிறது என்று பார்த்துக் கையால் ஒரு படம் வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மரங்களையும் பார்க்க வேண்டும். ஒரு மனையில் என்னுடன் வந்த வயதான மேஸ்திரி, அடிப்பகுதியில் வாள்போல் வளைந்து பிறகு நேராக எழுந்திருந்த நான்கைந்து மரங்களைக் காட்டி, “சார், இங்க மண்ணு நடக்குது” என்றார். மேல்மண் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் நகரும் சரிவுகளில் மரம் சாய்ந்து, மறுபடி வானம் நோக்கித் திரும்பி வளரும்; அதன் அடையாளம் அந்த வளைவு. ஒரு மரம் வளைந்திருந்தால் வேறு காரணம் இருக்கலாம். வரிசையாக எல்லாம் ஒரே பக்கம் வளைந்திருந்தால், நிலப் பொறியியல் தெரிந்தவரை அழைத்து மண் பரிசோதனை செய்யாமல் அந்த மனையை வாங்கக் கூடாது.

இரண்டாவது வருகை ஜனவரியில், காலை ஏழு மணிக்கு. கிழக்கில் மலை இருந்தால் மனையில் முதல் வெயில் விழும் நேரம் ஒன்பதுகூட ஆகலாம். மாலையில் எப்போது மறைகிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். இடையே ஆறு மணி நேரம் வெயில் கிடைத்தால் வீட்டைப் பெரும்பாலும் வெயிலாலேயே சூடாக வைத்திருக்கலாம். மூன்று மணி நேரம்தான் என்றால் வெயிலை நம்பாமல் சுவருக்கும் கூரைக்கும், சூடு வெளியேறாமல் தடுக்கும் கூடுதல் காப்புப் போட வேண்டியிருக்கும்.

குளிர்க்காற்று தண்ணீரைப் போன்றது. கனமாக இருப்பதால் இரவில் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஊட்டியை அடுத்த தலைக்குந்தா போன்ற தாழ்வான இடங்களில் உறைபனி வெள்ளையாகப் படிவதும், சற்று மேலே உள்ள சரிவுகள் தப்பிப்பதும் இதனால்தான். உங்கள் மனையின் கீழ்எல்லையில் உயரமான மதில் எழுப்பினால் அந்தக் குளிரை நீங்களே அணை கட்டித் தேக்குகிறீர்கள். மதிலுக்குப் பதில் கம்பிவேலியோ உயிர்வேலியோ போதும்.

அளவும் அனுமதியும்

பட்டாவில் உள்ள சதுர அடி மட்டும் போதாது. உயர வேறுபாடு வேண்டும். சர்வேயரை வைத்து டோட்டல் ஸ்டேஷன் கருவியால் ஒரு மீட்டருக்கு ஒரு சமஉயரக் கோடு வீதம் படம் எடுப்பது நல்லது. அதற்கு முன்பே, தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப், இரண்டு கம்புகள், சுண்ணாம்பு ஆகியவற்றைக் கொண்டு ஒரு கொத்தனாருடன் அரை நாளில் நீங்களே சரிவை அளந்துவிடலாம். டியூபின் ஒரு முனையை மேல்கம்பில் கட்டி, மறுமுனையைக் கீழ்க்கம்பில் தண்ணீர் மட்டம் நிற்கும் வரை உயர்த்தி, அந்த இடத்தில் கோடு போட்டு, கம்பின் அடிவரை டேப் பிடித்து, அதிலிருந்து மேல்கம்பில் தண்ணீர் மட்டம் தரைக்கு மேல் நிற்கும் உயரத்தைக் கழித்தால் இறக்கம் கைக்கு வந்துவிடும். பத்தடிக்கு ஒருமுறை இப்படி அளந்தால் எங்கே சரிவு சாந்தமாகிறது, எங்கே செங்குத்தாகிறது என்பது தெரியும். வீட்டின் இடம் சாந்தமான பகுதிதான்.

1990-இல் அமைக்கப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின், அதாவது ஊரார் சொல்லும் ‘ஹாக்கா’வின், எல்லைக்குள் உங்கள் கிராமம் வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வந்தால் உள்ளாட்சியின் அனுமதியோடு வேலை முடியாது. நிலவியல், வனம், வேளாண் பொறியியல் போன்ற துறைகளின் கருத்தும் தேவைப்படலாம். நீலகிரியில் கட்டட உயரம் 7 மீட்டருக்குள் இருக்க வேண்டும். மண் அள்ளும் இயந்திரத்துக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் கட்டுப்பாடுகள் உள்ளன. சரிவில் அந்த 7 மீட்டரை எந்த மட்டத்திலிருந்து அளப்பார்கள் என்பதை வரைபடம் போடுவதற்கு முன்பே அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது பின்னால் வரும் தலைவலியைத் தவிர்க்கும். நான் எப்போதும் மிகத் தாழ்ந்த தரையிலிருந்து அளந்தாலும் 7 மீட்டருக்குள் வருமாறே வரைகிறேன்.

வெட்டுப்படம்: மலையை எவ்வளவு வெட்டுவது

இப்போது கணக்கைப் பார்ப்போம். 864 சதுர அடியை 24 அடி அகலம், 36 அடி ஆழம் கொண்ட ஒரே தளமாக, முழுவதும் வெட்டிச் சமப்படுத்திய தரையில் வைத்தால், 36 அடி ஆழத்துக்கு நிலம் 15 அடி இறங்குவதால் வீட்டின் பின்னால் 15 அடி உயர மண்சுவர் நிற்கும். வெட்டியெடுக்கும் மண் 6,480 கன அடி. நூறு கன அடியை ஒரு யூனிட் என்று எண்ணும் லாரிக்காரர் கணக்கில் 65 யூனிட். அதே 864 சதுர அடியை வேறு விதமாக அமைக்கலாம். மலையின் குறுக்கே 24 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்ட இரண்டு பட்டைகளாகத் தரையைப் பிரியுங்கள். ஒவ்வொரு பட்டைக்கும் இறக்கம் 5 அடி. மேல்பட்டையில் தரைத்தளமும் அதற்கு மேல் ஒரு மாடியும், கீழ்ப்பட்டையில் ஒரே தளமும் வைத்தால் 288 சதுர அடியாக மூன்று தளங்கள், மொத்தம் அதே 864. வெட்டும் மண் 1,440 கன அடி, அதாவது 14½ யூனிட்டுக்குள். நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு.

மண்ணின் அளவு மட்டுமல்ல இதில் உள்ள லாபம். தடுப்புச் சுவர் தாங்க வேண்டிய மண்ணழுத்தம் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். சுவரைக் கவிழ்க்கும் விசை கன மடங்கில் கூடும். 5 அடிச் சுவரை 15 அடியாக்கினால் அழுத்தம் ஒன்பது மடங்கு, கவிழ்ப்பு விசை இருபத்தேழு மடங்கு. ஆகவே 5 அடியில் இரண்டு வெட்டு என்பது, 15 அடியில் ஒரு வெட்டின் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூட முடியாத அளவுக்குச் சிறிய விஷயம்.

இரண்டு பட்டைகளுக்கும் இடையே உள்ள 5 அடியை எட்டு அல்லது ஒன்பது படிகளில் இறங்கிவிடலாம். சாலையிலிருந்து நேராக மேல்பட்டைக்கு வந்தால் நுழைவு, முதியவரின் படுக்கையறை, அதை ஒட்டிய குளியலறை, சமையலறை. எட்டுப் படி இறங்கினால் தெற்கு நோக்கிய ஹால். மேல்பட்டையின் மாடியில் இரண்டு சிறிய படுக்கையறைகள். அறையின் உயரம் 8½ அடி. குளிர்ப் பிரதேசத்தில் 10, 11 அடி உயரம் வைப்பது தலைக்கு மேல் இருக்கும் காற்றைச் சூடாக்கக் காசு கொடுப்பதாகும். இந்த உயரத்தில் கீழ்ப்பட்டையின் தரையிலிருந்து கூரை உச்சி வரை 22½ அடி, அதாவது 6.9 மீட்டருக்குள் அடங்குகிறது.

அரைமாடி வீட்டின் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஹாலுக்குப் போக வர எட்டுப் படி என்பது முழங்கால் வலி உள்ளவருக்கு ஒரு நாளில் பலமுறை வரும் தொல்லை. அதனால்தான் முதியவரின் அறையும் குளியலறையும் சமையலறையும் வாசல் மட்டத்திலேயே இருக்கின்றன. இதை விட்டுக்கொடுத்து வெயில் நிறைந்த கீழறையை முதியவருக்குக் கொடுக்கிறோம் என்பது பாசம்தான், ஆனால் நடைமுறையில் அவர் அங்கேயே சிறைப்பட்டுவிடுவார்.

தண்ணீருக்கு வழி

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது, அந்த நாட்களில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பகுதிகளில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 50 சதுர மீட்டர் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் 500 லிட்டர். 82 செ.மீ. என்றால் 41,000 லிட்டர். உங்கள் சிறிய கூரையில் மட்டும் விழுந்த அந்தத் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும்.

முதல் வேலை, வீட்டுக்கு மேலே சாலையோரத்தில் மனையின் முழு அகலத்துக்கும் ஒரு மறிப்பு வாய்க்கால். வெளியிலிருந்து வரும் தண்ணீர் அதில் பிடிபட்டு, பக்கவாட்டில் படிப்படியாக இறங்கும் கருங்கல் வாய்க்கால் வழியாகக் கீழே போக வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு தடுப்புச் சுவரின் பின்னாலும் ஓரடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பி, மண் கலக்காமலிருக்க ஜியோடெக்ஸ்டைல் துணி சுற்றி, அடியில் துளையிட்ட குழாய் போட்டுத் தண்ணீரை வெளியே எடுக்க வேண்டும். சுவரில் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் வீப் ஹோல்கள், அதாவது தண்ணீர் வடியும் துளைகள், வேண்டும். ஈரமண்ணைத் தாங்குவதற்கென்று கட்டிய சுவர், பின்னால் தேங்கிய தண்ணீரையும் சேர்த்துத் தாங்க நேர்ந்தால்தான் பெரும்பாலும் விழுகிறது. மலைப்பகுதித் தடுப்புச் சுவர்களுக்கென்றே ஐ.எஸ். 14458 என்ற இந்தியத் தர விதிமுறை உள்ளது. பொறியாளரிடம் அதன்படிதானா என்று கேட்பதில் தவறில்லை.

சுவர் வேறு, வீடு வேறாக நிற்பதே நல்லது. மேல்பட்டையின் வடக்குச் சுவரை நேராக மண்ணோடு ஒட்டிக் கட்டாமல், இரண்டு மூன்றடி இடைவெளி விட்டுத் தடுப்புச் சுவரைத் தனியே கட்டினால், அந்தச் சந்தில் வெளிச்சமும் காற்றும் வரும், வாய்க்கால் ஓடும், வருடத்துக்கு ஒருமுறை ஆள் இறங்கிச் சுத்தம் செய்யலாம். பட்டைகளுக்கு நடுவில் உள்ள 5 அடிச் சுவருக்கு அந்த வசதி இல்லை. அங்கே நீர்த்தடுப்புப் பூச்சும் ஜல்லி வடிகாலும் கட்டாயம்.

மழைநீர் சேகரிப்பு என்றதும் சமவெளி வழக்கப்படி உறைகுழி தோண்டுபவர்கள் உண்டு. செங்குத்துச் சரிவில் வீட்டுக்கு மேலேயோ தடுப்புச் சுவரின் பின்னாலேயோ தண்ணீரை மண்ணுக்குள் இறக்குவது, மலையை நீங்களே நனைத்துத் தளர்த்துவதாகும். இங்கே தொட்டியில் சேமிப்பதுதான் முறை; நிரம்பி வழிவது வாய்க்காலுக்குப் போகட்டும். செப்டிக் டேங்க்கின் உறிஞ்சுகுழியும் இதே காரணத்தால் வீட்டுக்குக் கீழே, எந்தச் சுவரிலிருந்தும் தள்ளி, கீழ்மனைக்காரரின் வீட்டுக்கு நேர்மேலே வராமல் அமைய வேண்டும். மேல்பட்டைக் கூரையின் தண்ணீரை நடுமட்டத்தில் ஒரு தொட்டியில் பிடித்தால், ஹால் மட்டக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் மோட்டார் இல்லாமலே தண்ணீர் இறங்கிவரும். சரிவு இலவசமாகத் தரும் சில வசதிகளில் இதுவும் ஒன்று.

கடைக்காலும் தூணும்

கொட்டி நிரப்பிய மண்ணில் கடைக்கால் போடக் கூடாது. வெட்டப்படாத இயற்கை மண்ணுக்குள் இறங்கி நிற்க வேண்டும். வெட்டவே வேண்டாம், உயரத் தூண்களில் வீட்டை நிறுத்திவிடலாம் என்ற யோசனை அழகானது, ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. மேல்பக்கத் தூண் 5 அடி, கீழ்ப்பக்கத் தூண் 10 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். தூணின் விறைப்பு உயரத்தின் கன மடங்கில் குறைவதால், 5 அடித் தூண் 10 அடித் தூணைப் போல எட்டு மடங்கு விறைப்பானது. நிலம் குலுங்கும்போது பக்கவாட்டு விசையில் பெரும்பங்கை அந்தக் குட்டைத் தூண்களே வாங்கிக்கொண்டு முதலில் உடைகின்றன. தூண் வழிதான் என்றால் கட்டமைப்புப் பொறியாளரின் தனிக் கணக்கு இல்லாமல் இறங்கக் கூடாது. தூணுக்கு அடியில் திறந்து கிடக்கும் தரை இரவெல்லாம் குளிரும் என்பதால், அந்தத் தளத்துக்குக் கீழ்ப்புறமும் காப்புப் போட வேண்டியிருக்கும் என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பட்டையாக இறங்கும் வீட்டுக்குக் கருங்கல் கடைக்காலும், ஒவ்வொரு மட்டத்திலும் தொடர்ச்சியான பெல்ட் கான்கிரீட்டும், பட்டைகளைக் குறுக்கே பிணைக்கும் விட்டங்களும் வேண்டும். இதற்கு மேல் இங்கே சொல்வது பொறியாளரின் வேலையில் தலையிடுவதாகும்.

வெயிலை உள்ளே விடுதல்

குன்னூரின் அட்சரேகை ஏறத்தாழ 11.35 டிகிரி வடக்கு. டிசம்பர் 21 அன்று உச்சிவேளையில் சூரியன் தெற்கே, அடிவானிலிருந்து 55 டிகிரி உயரத்தில் நிற்கிறது. ஏப்ரல் 20 வாக்கில் நேர் உச்சிக்கு வந்து, அதன்பின் ஆகஸ்ட் 22 வாக்கு வரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. ஆகவே தெற்கு ஜன்னலுக்குக் கோடையில் நேர்வெயில் அநேகமாக இல்லை, குளிர்காலத்தில் தாராளம். குளிர்நாட்டு வீட்டுக்கு வேறென்ன வேண்டும்.

இதைக் கெடுப்பது சன்ஷேட். 4 அடி, அதாவது 120 செ.மீ. உயர ஜன்னலின் தலையை ஒட்டியே 60 செ.மீ. சன்ஷேட் வைத்தால், டிசம்பர் மதியம் அது 86 செ.மீ. நிழல் போடும், கண்ணாடியின் அடியில் 34 செ.மீ. மட்டும் வெயில் படும். மழைச்சாரலுக்குச் சன்ஷேட் தேவை, மறுக்க முடியாது. அதையே ஜன்னல் தலைக்கு 45 செ.மீ. மேலே உயர்த்தி வைத்தால் நிழல் 41 செ.மீ. ஆகக் குறைந்து, மீதி 79 செ.மீ. வழியாக வெயில் வரும். அதே சிமென்ட், அதே கம்பி. இடம் மட்டும் மாறியிருக்கிறது.

தெளிந்த ஜனவரி மதியத்தில் தெற்குக் கண்ணாடியின் வெயில் படும் ஒவ்வொரு சதுர மீட்டரும் ஏறத்தாழ 400 வாட் வெப்பத்தை உள்ளே விடும். ஹாலில் அப்படி 5 சதுர மீட்டர் இருந்தால், அது கடையில் வாங்கும் 2,000 வாட் ரூம் ஹீட்டருக்குச் சமம். அந்தச் சூட்டை மாலைவரை பிடித்து வைக்க, ஜன்னலை ஒட்டிய தரை கல்லோ, ஆக்ஸைடு பூசிய தடித்த சிமென்டோ, டைல்ஸோ ஆக இருக்க வேண்டும்; அதன்மேல் கம்பளம் விரித்தால் எல்லாம் வீண். முதியவர் அறைக்குக் கிழக்கு ஜன்னல் ஒன்று அவசியம். காலை எட்டு மணி வெயிலுக்கு ஈடாக அந்த வயதில் எதுவும் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து வீசுவதால் அந்தப் பக்கம் காற்றோட்டத்துக்கு மட்டும் ஒரு சிறு ஜன்னல் போதும். வடக்குப் பக்கம், மண்வெட்டை ஒட்டி, குளியலறை, மாடிப்படி, சாமான் அறை ஆகியவை வரிசையாக நின்றால் அவையே குளிருக்கு ஒரு போர்வையாகும்.

மண்ணுக்குள் புதைந்த வீடு சூடாக இருக்கும் என்றொரு நம்பிக்கை உண்டு. சில அடி ஆழத்தில் மண்ணின் வெப்பம் அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டி நிற்கும். குன்னூரில் அது 20 டிகிரிக்குக் கீழேதான். அதிகாலை வெளிக்காற்றைவிட அது மேல், உடம்பு கேட்கும் சூட்டைவிடக் கீழ்.

சூடு எந்த வழியாக ஓடுகிறது

வெளியே 8 டிகிரி, உள்ளே 18 டிகிரி என்ற இரவை எடுத்துக்கொள்வோம். வெறும் தகரக் கூரை 50 சதுர மீட்டர் என்றால் அதன் வழியாக மட்டும் ஏறத்தாழ 3,000 வாட் வெளியேறும். 9 அங்குலச் செங்கல் சுவர் 110 சதுர மீட்டருக்கு 2,200 வாட். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்கள் 12 சதுர மீட்டருக்கு 700 வாட். கதவிடுக்கு, ஜன்னல் சந்துகளால் மணிக்கு இரண்டு முறை வீட்டுக் காற்று மாறினால் 1,500 வாட். மொத்தம் சுமார் 7,400. வசதி உள்ளவரால்கூட இரவெல்லாம் இதை ஈடுகட்ட முடியாது. அதனால்தான் மலைவீடுகளில் மக்கள் ஹீட்டரைக் கால்மாட்டில் வைத்துக்கொண்டு கம்பளிக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தகரத்துக்கும் மரச் சீலிங்குக்கும் இடையே 50 மி.மீ. ராக் வூல், அதாவது பாறை இழைப் பஞ்சு, போட்டால் கூரையின் 3,000 வாட் 500-க்குக் கீழே வரும். செலவுக்குப் பலன் என்று பார்த்தால் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. சந்துகளை ரப்பர் பட்டை வைத்து அடைப்பது இரண்டாவது. 1,500 வாட் 400-க்கு வரும், செலவு சில ஆயிரம் ரூபாய்தான். காற்றுக் குமிழ்கள் நிறைந்த இலேசான கான்கிரீட்டால் ஆன 8 அங்குல ஏ.ஏ.சி. கற்கள் சுவரின் 2,200 வாட்டை 900-க்குக் கொண்டுவரும். 2018-இல் வெளியான எகோ நிவாஸ் சம்ஹிதா என்ற மத்திய அரசின் குடியிருப்பு விதிமுறை கூரைக்கு வைத்த வரம்பு சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு 1.2 வாட், காப்பிட்ட கூரை அதற்குள் எளிதாக வந்துவிடும். இரட்டைக் கண்ணாடி விலை அதிகம். பணம் மிஞ்சினால் படுக்கையறைக்குப் போடலாம். இல்லையென்றால் தரைவரை தொங்கும் கனத்த திரையை மாலை ஐந்தரைக்கே இழுத்து மூடுவது ஓரளவுக்கு அந்த வேலையைச் செய்யும்.

ஏ.ஏ.சி. கல்லுக்குச் சரிவு மனையில் இன்னொரு தகுதியும் உண்டு. லாரி நிற்கும் இடத்திலிருந்து எல்லாமே தலைச்சுமையாகத்தான் இறங்க வேண்டும். இந்தக் கல் அதே பருமனுள்ள செங்கல் கட்டில் மூன்றில் ஒரு பங்கு எடைதான் இருக்கும். ஆனால் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் பேஸ்மட்டத்துக்குக் கீழும் மண்ணை ஒட்டிய சுவரிலும் வைக்கவே கூடாது. செங்கல்தான் கிடைக்கிறது என்றால் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டு நல்ல வழி: நடுவில் வெற்றிடம் விட்டு நிறுத்திக் கட்டுவதால் செங்கல் கால்பங்கு மிச்சமாகும், சூடு கடப்பதும் குறையும். சரிவில் கட்டுவது அவருக்குப் புதிதல்ல. இமயமலையின் பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் தம் சொந்த வீட்டையும் பாறைச்சரிவில்தான் எழுப்பினார்.

கூரைக் காப்பில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன். என் வீட்டில் ராக் வூலைப் போட்டுச் சீலிங்கை அடித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். முதல் ஜனவரியில் அதிகாலை சொட்டுச் சொட்டாகப் படுக்கையில் தண்ணீர் விழுந்தது. கூரை ஒழுகுகிறது என்று ஆள் ஏற்றிப் பார்த்தால் தகரம் வெளியே காய்ந்து கிடந்தது. சமையல் ஆவியும் மூச்சின் ஈரமும் சீலிங் இடுக்கு வழியாக மேலே போய், குளிர்ந்த தகரத்தின் அடியில் வேர்த்து, பஞ்சை நனைத்து இறங்கியிருந்தன. சூடான பக்கத்தில், அதாவது சீலிங்குக்கும் காப்புக்கும் நடுவில், தொடர்ச்சியாக ஒரு பாலித்தீன் விரிப்பு போட்டு ஓரங்களை டேப் ஒட்டியிருந்தால் இது நேர்ந்திருக்காது. காப்புக்கும் தகரத்துக்கும் இடையே காற்றோட இடமும் வேண்டும். சமையலறையிலும் குளியலறையிலும் எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். துணியை உள்ளே உலர்த்தும் வீட்டில் சுவர் மூலைகளில் கரும்பூஞ்சை வராமல் இருக்காது.

இரண்டு கூரைகளும் தெற்கு நோக்கிச் சரியட்டும். அப்போது கூரைத் தண்ணீர் மண்வெட்டின் பக்கம் விழாது, பேனல் வைக்கவும் திசை சரியாக இருக்கும்.

கடைசியாகத்தான் கருவிகள்

மேற்சொன்னவற்றைச் செய்த பிறகு அதே இரவில் இழப்பு 2,500 வாட் அளவுக்கு வரும். பகலில் சேர்ந்த வெயிலும், சமையலும், வீட்டில் உள்ளவர்களின் உடல்சூடும் அதில் ஒரு பங்கை ஈடுகட்டும். மீதிக்கு ஒரே அறையில், புகைபோக்கி வைத்த இரும்பு அடுப்போ கணப்போ போதும். எரிவதற்குத் தேவையான காற்றை அறையிலிருந்து எடுக்காமல் வெளியிலிருந்து குழாய் வழியாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. மூடிய அறையில் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்குவது உயிரைப் பறிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மலையூர்களில் குளிர்காலத்தில் இதனால் இறப்புகள் நேர்கின்றன.

வெந்நீர்தான் மலைவீட்டின் பெரிய மின்செலவு. 100 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 45-க்கு உயர்த்த 3.5 யூனிட் வேண்டும். இரண்டு மாதத்துக்கு 210 யூனிட். வீட்டு இணைப்புக்குத் தமிழ்நாட்டில் இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டைக் குளியல் ஒன்றே விழுங்கிவிடும். ஆகவே முதல் சூரியக் கருவி வாட்டர் ஹீட்டர். உறைபனி விழும் இடமென்றால் வெற்றிடக் குழாய் வகை. சாய்வு 20 முதல் 25 டிகிரி, குளிர்காலத்துக்குச் சாதகமாக. தொட்டியிலிருந்து குளியலறைவரை குழாய்க்குக் காப்புச் சுற்ற மறக்கக் கூடாது. 40 அடி வெறுங்குழாயில் நிற்கும் குளிர்த் தண்ணீரைத் தினமும் கீழே விட்டுக்கொண்டிருப்பவர்கள் பலர்.

மின்பேனலுக்கு ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் நிழலில்லாத கூரை தேவை. 2024-இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000 ரூபாயும் மானியம். மேகமும் மஞ்சும் உள்ள மாதங்களில் சமவெளி விளைச்சலை எதிர்பார்க்காமல் கணக்குப் போட வேண்டும்.

எந்த மாதத்தில் எது

குன்னூர்ப் பக்கம் மண்வேலையை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் முடிக்க வேண்டும். வெட்டியதும் மேல்பட்டைத் தடுப்புச் சுவரும் மறிப்பு வாய்க்காலும் முதலில் எழ வேண்டும், வீடு பிறகு. ஏப்ரல், மே கோடைமழைக்கு முன் திறந்த வெட்டு எதுவும் இருக்கக் கூடாது. அன்றன்றைய வேலை முடிந்ததும் வெட்டின் மேல் தார்ப்பாய் போர்த்துவது காவலாளியின் வேலையாக ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். வெட்டிய மேல்மண்ணைச் சாக்கில் தனியே வைத்து, கட்டி முடிந்ததும் சரிவில் பரப்பி, உள்ளூரில் நன்றாகப் பிடிக்கும் ஆழவேர்ப் புல்லை நட வேண்டும். மிச்ச மண்ணைக் கீழ்ச்சரிவில் தள்ளிவிடும் வழக்கம், அடுத்த மழையில் அண்டைவீட்டுப் பகையாக முடியும். கூரை செப்டம்பர் இறுதிக்குள் ஏறிவிட வேண்டும்.

குடிபுகுந்த பின் வரும் முதல் அக்டோபரில், பெருமழை தொடங்கிய ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சுடன் வடக்குச் சந்தில் இறங்கி வீப் ஹோல்களைப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் மெல்ல வடிந்தால் வடிகால் வேலை செய்கிறது. கலங்கிய செந்நீர் வந்தால் துணி கிழிந்தோ விடுபட்டோ மண் கரைந்து வருகிறது. பெருமழையிலும் ஒரு துளையும் ஈரமாகவில்லை என்றால் சந்தோஷப்படாமல், ஜல்லி அடைத்துக்கொண்டு தண்ணீர் சுவரின் பின்னால் நிற்கிறதா என்று ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள்.